அம்மா நாடி பார்த்த கைகள்

அன்பான உறவினர்களே, நண்பர்களே, அம்மாவிடம் ஒரு முறையாவது கையை நீட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் வணக்கம்.

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். "நீதான் கூடவே இருந்த. உனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார். கூடவே இருந்தது உண்மை. எல்லாம் தெரியும் என்பதுதான் பொய். அம்மாவைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது எது என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் குழப்பம் தென்பட்டால் அச்சகத்தாரைக் குறை சொல்ல வேண்டாம், அது என்னுடையது.

குழப்பம் இதுதான். ஓய்வு பெற்ற பிறகு அம்மா அக்குபஞ்சர் படித்தார். படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள், போகிறவர்கள் அத்தனை பேரின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பிடித்தது என் கையை. அதுவும் நாடி பார்க்கத்தானா, இல்லை வேறு எதற்காகவாவதா? இந்த ஒரு வருஷமாக எனக்கு இதே யோசனைதான்.

முறைப்படி முதலிலிருந்து சொல்கிறேன். அம்மா பிறந்தது தாம்பரத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா ரயில்வேயில் ஃபிட்டர். அம்மா மூத்த பெண். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே தாயை இழந்து, தம்பி தங்கைகளுக்குச் சோறு வடித்துக் கொடுத்துவிட்டுப் படித்தவர். கணக்கில் பட்டம் வாங்கி, பல்லாவரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றார். நான் பிளஸ் டூ படிக்கும்போது அப்பா மாரடைப்பில் போனார். அடக்கம் முடிந்த அடுத்த வாரமே அம்மா மின்சார ரயிலில் நின்றபடி வேலைக்குப் போனார். யாரிடமும் அழுது காட்டியதில்லை.

அம்மா கண்டிப்பானவர். இதை மறைத்து எழுதினால் அவரிடம் படித்தவர்கள் சிரிப்பார்கள். காப்பியடித்தவளை வகுப்பின் கடைசி வரிசைக்குப் போவதற்குள் முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். வீட்டிலும் அதே சட்டம்தான். எங்களைக் கட்டிப்பிடித்ததாகவோ தலையைத் தடவியதாகவோ எனக்கு ஞாபகம் இல்லை. ஜுரம் என்றால் மற்ற வீடுகளில் அம்மாக்கள் நெற்றியில் கை வைப்பார்கள், எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் வரும். அதற்காகப் பாசம் இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. பரீட்சை நாளில் நான் எழுந்திருக்கும் முன்பே என் பேனா, பென்சில் எல்லாம் மேஜையில் தயாராக இருக்கும். அவ்வளவுதான், வாயைத் திறந்து ஒரு வார்த்தை வராது.

ஓய்வுக்குப் பிறகு மாடம்பாக்கத்தில் இந்த வீட்டைக் கட்டினார். அப்போதே சர்க்கரை நோய் அவருக்குப் பழையதாகிவிட்டிருந்தது. முட்டி வலி என்று சொல்லிக் கிழக்குத் தாம்பரத்தில் ஓர் அக்குபஞ்சர் சிகிச்சை நிலையத்துக்குப் போனார். நோயாளியாகப் போனவர் மாணவியாகத் திரும்பி வந்தார். சனிக்கிழமை மதியம் வகுப்பு, ஒரு டயர் கடையின் மாடியில். "கீழ பஞ்சர், மேல அக்குபஞ்சரா?" என்று அண்ணன் பெங்களூரிலிருந்து போனில் கிண்டல் செய்தார். அம்மா சிரிக்கவில்லை.

சபையிலும் சலசலப்பு வந்தது. பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஓர் அத்தை, "அது சீனாக்காரங்க சாமி விஷயமாமே, நமக்கு ஆகுமா?" என்று கேட்டுவிட்டார். அம்மா, "முழங்காலுக்குக் கீழ ஒரு எடத்துல ஊசி போடுறாங்க. அங்க சாமியும் இல்ல, பூதமும் இல்ல, சதைதான் இருக்கு" என்றார். விஷயம் போதகரிடம் போயிற்று. அவர் வீட்டுக்கே வந்து, "டாக்டர் மாத்திரைய நிறுத்தாம இருந்தா சரிதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் தன் கையையும் நீட்டிவிட்டுப் போனார்.

படிப்பு அம்மாவை ஆட்டிப் படைத்தது. உடம்பில் ஓடும் பாதைகள், அவற்றில் நூற்றுக்கணக்கான புள்ளிகள், மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஒன்றை ஒன்று வளர்க்கும், ஒன்றை ஒன்று அடக்கும் கணக்கு. படத்தைப் பெரிதாக அச்சடித்துப் படுக்கையறைச் சுவரில் ஒட்டினார். சாத்துக்குடியில் ஊசி குத்திப் பழகினார், அந்தச் சாத்துக்குடியை யாரும் சாப்பிடவில்லை. கணக்கு ஆசிரியைக்கு எதில் கோபம் வந்தது தெரியுமா? புள்ளியை அளக்கும் அளவில். நோயாளியின் சொந்தக் கட்டைவிரல் அகலம்தான் ஒரு அளவு. "ஆளுக்கு ஆள் ஸ்கேல் மாறினா அது என்னடி கணக்கு?" என்று என்னிடம் எகிறினார். அடுத்த வாரம் அவரே, "யோசிச்சுப் பாத்தா அது சரிதான். அவங்கவங்களுக்கு அவங்கவங்க கைதான் அளவு" என்றார். எனக்கு இரண்டு தடவையும் புரியவில்லை.

பிறகுதான் நாடி வந்தது. சீன முறையில் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை வைத்து, மேலாகவும் அழுத்தியும் பார்க்க வேண்டுமாம். அம்மாவுக்குப் பழக ஆள் வேண்டியிருந்தது. நான் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் நொந்து நூலாகி வீட்டுக்குள் நுழைந்ததும், "உக்காரு. கையக் குடு" என்பார். "அம்மா, மூஞ்சியாவது கழுவிட்டு வரேன்" என்றால் விடமாட்டார். வாயைத் திறந்தால், "பேசாத. பேசினா தெரியாது" என்பார். நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து, என் கை அவர் கையில், ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு விவரம் தெரிந்து அம்மாவோடு அப்படி உட்கார்ந்ததே இல்லை. கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு, சொன்னால் என்ன, அதற்காகவே சீக்கிரம் வீட்டுக்கு வரத் தொடங்கினேன்.

முடிவில் ஏதாவது சொல்வார். "தூக்கம் சரியில்ல." சரியாக இருக்கும். "ஆபீஸ்ல யாரோடயோ சண்ட." அதுவும் சரியாக இருக்கும். "கல்லீரல்ல சூடு, காபிய விடு" என்றார், விட்டேன். பக்கத்து வீட்டு மருமகளிடம், "அம்மா வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வா, சரியாப் போயிடும்" என்றார். அந்தப் பெண் அங்கேயே அழுதுவிட்டாள். அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது அவர் கையையும் பிடித்தார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆனால் கையை எடுக்கவில்லை. வேலையில் பிரச்சினை என்று அவர் எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்ததை அம்மா அன்றே சொல்லிவிட்டார்.

அண்ணன் அசந்துபோனார். படிப்பு முடியும் நேரத்தில் யாரையும் கேட்காமல் ஒரு பெயர்ப்பலகை செய்து அனுப்பினார், பச்சை எழுத்தில் 'அக்குபஞ்சர் நிபுணர்' என்று. அம்மா அதை ஒரு பார்வை பார்த்து, பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்துவிட்டார். யாருக்கும் ஊசி போடவே இல்லை. நாடி மட்டும் பார்ப்பார், அறிவுரை சொல்வார், "மாத்திரைய ஒழுங்காப் போடு" என்பார். ஏன் என்று கேட்டால், "எனக்கு எதுக்கு கிளினிக்கு" என்று பேச்சை முடித்துவிடுவார். சபைக்குப் பயந்து என்று அண்ணன் நினைத்தார். வயதாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அந்த நாட்களில் டம்ளர்களைக் கீழே போட்டு உடைப்பார், காலையில் ஜாக்கெட் கொக்கி மாட்ட என்னைக் கூப்பிடுவார். எல்லாம் வயசு என்றே எடுத்துக்கொண்டேன்.

சிறுநீரகம் கெட்டு, அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தார். கடைசி நாள் பிற்பகல், கண்ணை மூடியபடியே என் கையைத் தேடிப் பிடித்தார். "நாடி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "பேசாத" என்றார். அவ்வளவுதான். மாலையில் அமைதியாகப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்த பிறகு ஒன்று உறைத்தது. அம்மாவின் விரல்கள் அன்றைக்கு என் மணிக்கட்டில் நாடி துடிக்கும் பக்கத்தில் இல்லவே இல்லை. சுண்டுவிரல் பக்கம், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் இருந்தன. ஒருவேளை அது ஏதாவது புள்ளியோ? சுவர்ப் படத்தின் முன் நின்று என் கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்தப் பக்கம் மூன்று நான்கு புள்ளிகள் இருந்தன. எது என்று தெரியவில்லை. எனக்கு என்ன வியாதி என்று நினைத்துப் பிடித்தார்? நினைவு தப்பியிருந்ததா? பைத்தியம் பிடிக்காத குறைதான்.

சென்ற மாதம், இந்த நினைவு ஆராதனைக்கு அழைப்புக் கொடுக்கக் கீழ்க்கட்டளை போனேன், சலீம் பாய் கடைக்கு. சலீம் பாய் அம்மாவோடு படித்தவர். சோபா, கார் சீட் குஷன் தைக்கும் கடை வைத்திருக்கிறார். இப்போது மாலை நேரத்தில் அக்குபஞ்சர் சிகிச்சையும் செய்கிறார். அவரிடம் அந்த எலும்பைக் காட்டி, "பாய், இந்த எடத்துல எதுக்குப் பிடிப்பாங்க?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த குஷன் ஊசியைக் கீழே வைத்தார்.

"டீச்சர் உங்ககிட்ட சொல்லவே இல்லியா மா?"

"என்னது?"

"அவங்களுக்கு வெரல்ல ஒன்னியும் தெரியாது மா. சக்கரையால நுனி எல்லாம் மரத்துப் போச்சு. அந்த வெரலுக்காகத்தான் மொதல்ல ட்ரீட்மெண்டுக்கே வந்தாங்க. முட்டி வலின்னு உங்களாண்ட சொல்லிக்கினு இருந்தாங்க."

பாய் மெதுவாகச் சொன்னார். செய்முறைத் தேர்வில் அம்மா பார்க்க வேண்டியிருந்தது பாயின் நாடி. வெகுநேரம் பிடித்தபடி இருந்தாராம். பாவமாக இருக்கவே பாய் தன் நாடி எப்படி என்று காதோடு காதாகச் சொல்லியிருக்கிறார்.

"இன்னா மொறப்பு மொறச்சாங்க தெரியுமா? காப்பி அடிக்கச் சொல்றீங்களான்னாங்க. நேரா எக்ஸாமினராண்ட போயி, 'எனக்கு ஒண்ணும் தெரியல சார்'னு சொல்ட்டு எந்திரிச்சுட்டாங்க. சர்டிபிகேட் வாங்கல. நாடி தெரியாத கை ஊசி போடக் கூடாதுன்னு எங்கிட்ட சொன்னாங்க."

பெயர்ப்பலகை ஏன் சுவரைப் பார்த்து நின்றது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்த அந்த நிமிஷமே மீதி எல்லாம் புரியாமல் போயிற்று. அப்படியென்றால் தூக்கம், சண்டை, அண்ணனின் வேலை, பக்கத்து வீட்டுப் பெண், இதெல்லாம் எப்படித் தெரிந்தது? என் காபி என்ன பாவம் செய்தது? இதைப் பாயிடமே கேட்டேன்.

"டீச்சர் எங்க மா கைய பாத்தாங்க? மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருப்பாங்க" என்றார். "நானும் ஒரு நாள் கேட்டுட்டேன். தெரியாதுன்னு தெரிஞ்சும் ஏன் டீச்சர் எல்லார் கையையும் புடிக்கிறீங்கன்னு."

"என்ன சொன்னாங்க?"

"'இத்தன வருஷம் பிரம்பு புடிச்ச கை பாய் இது. சும்மா கேட்டா என் பசங்க குடுக்க மாட்டாங்க'ன்னாங்க. பசங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னும் சொன்னாங்க. இத்தினி நாள் சொல்லல. இப்ப நீ எலும்ப காட்டிக்கினு வந்து நிக்கறியே மா, எப்படி சொல்லாம இருக்கறது?"

நான் அங்கேயே அழுதேன். பாய் கடைப் பையனை டீ வாங்கி வரச் சொன்னார். டீ ஆறும் வரை அழுதேன்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "சும்மா கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேனே" என்றார். கொடுத்திருப்போமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த மருத்துவம் மெய்யா, இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். பாயிடம் சிகிச்சை பெற்று முதுகு நிமிர்ந்தவர்களும் இருக்கிறார்கள், டாக்டரைத்தான் நம்புவேன் என்பவர்களும் இருக்கிறார்கள், நான் நடுவில் நிற்கிறேன். அம்மா எங்களை ஏமாற்றினாரா என்றால் ஆம். அந்த ஏமாற்று எனக்குப் போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஏமாந்திருப்பேன். பலகை இன்னும் பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. எடுக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. அம்மாவைத் தூக்கி உட்காரவைத்துத் துடைத்துவிட்ட செவிலியர் சகோதரிகளுக்கும், மழையென்றும் பாராமல் கல்லறைத் தோட்டம் வரை வந்த பள்ளி மாணவிகளுக்கும், தினமும் வந்து ஜெபித்த போதகருக்கும், ஜெபக்கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த அத்தைக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், ரகசியத்தைக் காத்ததற்கும் பிறகு காக்காமல் விட்டதற்கும் சலீம் பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மா உங்களில் யாருக்காவது நாடி பார்த்துத் தவறாக எதையாவது சொல்லியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கையைக் கொடுத்ததற்கு அவர் சார்பில் தனியாக ஒரு நன்றி.

நான் மறுபடி காபி குடிக்கிறேன். ஒரு வருஷமாகத் தூக்கம் சரியில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.