கலைத்துப் போட்ட எழுத்துகள்

அலுவலகத்தில் அவருக்குக் 'கலைப்பு சார்' என்றுதான் பெயர். பிழை திருத்துவது வேலை. பத்திரிகையின் எட்டாம் பக்க மூலையில் வாசகர்கள் சேர்த்துக் கண்டுபிடிக்கத் தினம் ஐந்து சொற்களை எழுத்து எழுத்தாகக் கலைத்துப் போடுவது பித்து. 'நகரம்' என்பதைக் கலைத்து அடுக்கினால் 'நரகம்' வரும் என்று பஸ்ஸுக்கு நிற்கிறவரிடம்கூடச் சொல்லாமல் விடமாட்டார். பெயரின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் ஆளின் தலையெழுத்தே தெரிந்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்களாம். அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்த ராஜாவும் உண்டாம். "நான் அந்தக் காலத்துல பொறந்திருக்கணும்" என்பார். கேட்பவர்கள் மெல்ல நழுவிவிடுவார்கள்.

நழுவாமல் கேட்டது மனைவி ஒருத்திதான். கேட்டாள் என்பதைவிட மட்டம் தட்டினாள் என்பதே சரி. காலையில் பல் துலக்கிக்கொண்டே ஐந்தையும் சேர்த்துவிட்டு, "இவ்வளவுதானா? இதுக்கா நேத்து முழுக்க மண்டையை உடைச்சுக்கிட்டீங்க?" என்பாள். அந்த வாய்க்காகவே மறுநாள் இன்னும் கடினமாகப் போடுவார்.

ஏழு மாதத்துக்கு முன் அந்த வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வலக்கை விழுந்துவிட்டது. பேச்சு போய், "ஆங்" என்ற ஒரே ஒலி மிஞ்சியது. சொற்கள் உள்ளே இருக்கலாம், வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார் டாக்டர். அந்த 'இருக்கலாம்' இவர் காதில் ஏறவே இல்லை. ஒரு சொல்லை அவள் சேர்த்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். பாவி மனுஷன், அதையே பிடித்துக்கொண்டார்.

பழைய காலண்டர் அட்டையை வெட்டி எழுத்துகள் எழுதினார். தினமும் அலுவலகம் போகுமுன் கட்டிலில் அவள் முன்னால் ஒரு சொல்லை நேராக அடுக்கிக் காட்டி, கண்ணெதிரே கலைத்து, "இப்ப நீ சேத்துக் காட்டும்மா" என்பார். அவள் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பகலில் துணைக்கு வரும் அவள் தங்கை பேப்பரை விரித்துக் காட்டுவாளே என்று, அதே சொற்களை எட்டாம் பக்கத்திலும் போட்டார். தலையணை. போர்வை. தண்ணீர். அப்புறம் மூன்றெழுத்து, அப்புறம் இரண்டெழுத்து.

ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். "என்ன சார் இது? மாத்திரை, டம்ளர், கட்டில்... ஆஸ்பத்திரி லிஸ்டா? எல்கேஜி பாப்பாவுக்கா போடுறீங்கன்னு வாசகர்கள் எழுதுறாங்க."

"ஒரு வாசகருக்கு இதுவே கஷ்டமா இருக்கு சார்."

ஆசிரியருக்கு வீட்டு விஷயம் தெரியும். "நாளையிலேருந்து அந்த மூலையில வேற ஏதாவது போட்டுக்கறோம். தப்பா நினைக்காதீங்க."

இவர் மத்தியானமே வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அட்டைகளை எடுத்தார். 'வீடு' என்று இரண்டை அடுக்கினார். அன்று கலைக்கக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு இடக்கையை நீட்டி, ஒரு விரலால் 'வீ' அட்டையை இழுத்து இழுத்து 'டு'வுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். நிமிர்ந்து, ஏழு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அவள் பாடம் படிக்கத்தான் செய்திருக்கிறாள். எழுத்தைக் கண்டால் கலைக்க வேண்டும், அதுதான் பாடம் என்று எண்ணிக்கொண்டு.

"நீ சரியா செஞ்சிட்டம்மா," என்றார். "ரொம்பச் சரி."

"ஆங்," என்றாள் அவள், அடுத்த சொல்லுக்காகக் கையை நீட்டி.