அடுப்பில்லாத பர்ஃபி

"அடுப்பே பத்த வைக்காம அஞ்சே நிமிஷத்துல தீபாவளி ஸ்வீட்" என்று என் நாத்தனார் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னபோது, அவருக்கு நாலடி பின்னால் என் வீட்டு அடுப்பில் சர்க்கரைப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்கிற சத்தம் வீடியோவில் விழக் கூடாது என்று தீயைக் குறைத்து வைத்திருந்தேன். குறைத்து வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி என் மேலேயே இருப்பது.

நாங்கள் சேலத்திலிருந்து வந்து ஒன்பது வருடமாகிறது. அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய தெருவில் ஒரு வீட்டின் மாடியில் இருக்கிறோம். கணவருக்கு ஐ.டி. வேலை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் தரம் பார்க்கிறேன். ஒரு பையன், ஆறாம் வகுப்பு. நாத்தனார் என்பது கணவரின் அக்கா, ஆவடியில் இருக்கிறார். இரண்டு வருடமாக சமையல் வீடியோ போடுகிறார். பள்ளிக்கூட லீவு, பண்டிகை லீவு வந்தால் போதும், "விடுமுறை ஸ்பெஷல்" என்று ஆரம்பித்துவிடுவார். எங்கள் சமையலறை ஜன்னலில் ஏரிப் பக்கமிருந்து நல்ல வெளிச்சம் வருகிறது என்பதால் படம் பிடிப்பது எல்லாம் எங்கள் வீட்டில்தான். அவர் பேசுவார். நான் பிசைவேன். வீடியோவில் முகம் அவருடையது, கை என்னுடையது. "கை அழகா இருக்கு சிஸ்டர்" என்று யாராவது எழுதினால் "நன்றி டா" என்று அவர் பதில் போடுவார்.

அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை. பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெயும் கோகோ பவுடரும் சேர்த்துச் சுருட்டி ஃபிரிட்ஜில் வைப்பது, பேரீச்சம்பழத்தையும் முந்திரியையும் அரைத்து உருண்டை பிடிப்பது, இவையெல்லாம் பொய் இல்லை. உண்மையாகவே அடுப்பு வேண்டாம். என் பையனே செய்வான். லீவு நாளில் அவனும் நானும் கை நிறைய ஒட்டிக்கொண்டு உருட்டுவோம். இரண்டு நாள் கூட டப்பாவில் தங்காது.

பால் பவுடர் பர்ஃபியில்தான் வினை வந்தது. பால் பவுடர், பொடித்த சர்க்கரை, உலர்ந்த தேங்காய்த் துருவல், நெய், இரண்டு ஸ்பூன் பால். கலந்து தட்டில் அமுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் பர்ஃபி என்பது நாத்தனாரின் கணக்கு. அரை மணி நேரம் வைத்தோம். ஒரு மணி நேரம் வைத்தோம். கத்தியைப் போட்டால் மாவு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. உருண்டை பிடித்திருந்தால் ஒப்பேற்றியிருக்கலாம். ஆனால் அவருக்குத் துண்டுதான் வேண்டும், ஓரம் கூர்மையாக நிற்கிற சதுரத் துண்டு.

"நீ என்ன பண்றே, பாகு வச்சு தனியா ஒரு தட்டு போட்டுடு. அதை எடுத்து வெட்டிக் காட்டிடலாம்" என்றார்.

"அப்ப அடுப்பில்லாமன்னு சொல்றோமே அண்ணி?"

"யார் வந்து பாக்கப்போறா? எல்லாரும் அப்படித்தான் எடுக்கறாங்க."

தீபாவளிக்காகச் சேர்த்து வைத்திருந்த லீவில் ஒரு நாள் அது. நான் எதிர்த்துப் பேசவில்லை. கம்பிப் பதத்தில் பாகு காய்ச்சி, பால் பவுடரைக் கொட்டிக் கிளறும்போது ஒரு சொட்டு தெறித்து மணிக்கட்டில் விழுந்தது. பாகு தண்ணீர் போல ஓடாது. விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். என்னையறியாமல் கத்திவிட்டேன். ஹாலில் இருந்த கணவர் எட்டிப் பார்த்து, "அக்கா ஷூட் பண்றா, சத்தம் போடாதே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நாத்தனார் என் கையைப் பார்த்தார். "ஐயோ" என்றார். அடுத்தபடியாக, "வளையலை இறக்கி விட்டுக்கோ, தெரியாது" என்றார். வளையலை இறக்கி விட்டுக்கொண்டு, எரிகிற கையால் பர்ஃபியைச் சதுரம் சதுரமாக வெட்டினேன்.

வீடியோ வந்ததும், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். எதிர்வீட்டு அக்காவுக்கும் அனுப்பினேன்.

அந்த அக்கா இந்த ஊர்க்காரர். ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம். நிலம் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. அவர் திருமழிசையில் ஒரு பேக்கிங் யூனிட்டுக்கு வேனில் போய்வருகிறார், வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அந்த வருடம் ஆவணியில்தான் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலை தீபாவளி. பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் நாள் சாயங்காலமே வருவதாக ஏற்பாடு.

அன்று மதியம் மூன்று மணிக்கு அக்கா ஒரு எவர்சில்வர் தட்டோடு மாடியேறி வந்தார். தட்டில் அது இருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாம்மா இது? நீ அனுப்புன வீடியோவ மூணு தபா பாத்துட்டுதான் கலந்தேன். அதுல சொன்ன அதே அளவு. காலைலர்ந்து ஃபிரிட்ஜுல வச்சிகினு கீறேன். பாரு, கத்தி எறங்குது, வெளிய வர மாட்டேங்குது."

"வேற ஏதாவது செஞ்சிருக்கலாமேக்கா" என்றேன்.

"கேஸு தீந்துபோச்சும்மா. புக் பண்ணா தீபாவளி கழிச்சிதான் வருமாம். சோறு கொழம்பு மச்சாண்டாரு ஊட்ல ஆக்கிக்கிறோம். பலகாரத்துக்கும் அங்கயே போயி நின்னா அசிங்கமா இருக்காதா? அதான், அடுப்பில்லாம பண்றதுனு நீ அனுப்பிச்சியே, சாமியே பாத்து அனுப்புனா மாதிரி இருந்துச்சு. எங் கையிலதான் ஏதோ கோளாறு. உன் நாத்தனாரு எவ்ளோ சோக்கா வெட்டுது!"

"பால் ஒரு ஸ்பூன் அதிகமாயிருக்கும்க்கா."

அப்படிச் சொன்னேன். அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து வந்தது.

"இல்லம்மா. ரெண்டே ஸ்பூனு. எண்ணி ஊத்துனேன்" என்று அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருடக்கணக்காக அட்டைப் பெட்டி மடித்து விரல் நுனியெல்லாம் காய்ந்த கை. தப்பே செய்யாத அந்தக் கையை அவர் குற்றவாளியைப் போலப் பார்த்தார்.

தட்டை வாங்கி, கலவையைக் கடாயில் வழித்துப் போட்டு, கொஞ்சம் பாலும் நெய்யும் விட்டு அடுப்பை மூட்டினேன். அக்கா கரண்டியை வாங்கிக்கொண்டு கிளற ஆரம்பித்தார். மாப்பிள்ளைக்கு இனிப்பு பிடிக்கும், அவங்க அம்மா எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் என்று பேசிக்கொண்டே கிளறினார். கலவை மெல்ல இறுகி, ஓரம் விட ஆரம்பித்தது.

"பாத்தியா, இப்ப வருது!" என்றார். முகம் அப்படி மலர்ந்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, உங்க கையில ஒண்ணும் கோளாறு இல்ல. வீடியோல வெட்டிக் காட்டினது அடுப்புல வச்ச பர்ஃபி. நான்தான் பாகு வச்சேன். வெட்டுறதும் என் கைதான்." வளையலை மேலே தள்ளி, மணிக்கட்டைக் காட்டினேன். தோல் இன்னும் சிவந்திருந்தது.

கரண்டி நின்றது.

"தெரிஞ்சிகினேதான் எனுக்கு அனுப்பிச்சியா?"

"ஆமாக்கா."

"நானு காலைலர்ந்து எங் கைய திட்டிகினு கீறேன்."

அவ்வளவுதான் சொன்னார். நிறுத்திய நேரத்தில் அடி பிடித்து, பர்ஃபி லேசாகப் பழுப்பாகிவிட்டது. தட்டில் கொட்டி, ஆறும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். துண்டு போட்டு எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார்.

நான் போனை எடுத்து அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். சூப்பர், சூப்பர் என்று வரிசையாக. நடுநடுவே, கூழாகிவிட்டது, கையோடு ஒட்டுகிறது, எல்லாவற்றையும் வீணாக்கிவிட்டேன் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நாத்தனார் பொறுமையாகப் பதில் போட்டிருந்தார். "அளவு சரியா எடுத்துக்கோங்க சிஸ்டர். அவசரப்படாம செஞ்சா கண்டிப்பா வரும்."

செய்தவர்கள் மேலேயே பழி போடுகிறார். எங்கேயோ இருக்கிற எத்தனையோ பெண்கள் எதிர்வீட்டு அக்காவைப் போலத் தங்கள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. என் பெயரிலேயே எழுதினேன்: "இதில் காட்டிய பர்ஃபி அடுப்பில் பாகு வைத்துச் செய்தது. அடுப்பில்லாமல் செய்தால் உருண்டைதான் பிடிக்க வரும், துண்டு போட வராது. உங்கள் மேல் தப்பில்லை. செய்தவள் சொல்கிறேன்."

பத்து நிமிடத்தில் அது காணாமல் போனது. மறுபடி எழுதினேன். மறுபடி காணோம். மூன்றாம் முறை எழுத முடியாதபடி செய்துவிட்டார். உடனே போனும் வந்தது.

"யாரைக் கேட்டு எழுதினே?"

"நடந்ததைத்தான் எழுதினேன் அண்ணி."

"நீ மட்டும் பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு! ரெண்டு வருஷமா நான் பாடுபட்டு வளர்த்ததுடி அது."

"எங்க கம்பெனியில வால்வு ஒழுகினா திருப்பி எடுத்துக்கறோம். நீங்க சரியா பிடிக்கலைன்னு வாங்கினவங்களைத் திட்றதில்ல."

"பர்ஃபியும் வால்வும் ஒண்ணா?"

போனை வைத்துவிட்டார். கணவர் எல்லாவற்றையும் ஹாலில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "பண்டிகை நாளும் அதுவுமா இது தேவையா? அக்காவுக்கு போன் போட்டு ஸாரி சொல்லிடு. ஒரு பர்ஃபிக்கா இவ்வளவு?"

"ஒரு பர்ஃபிக்குத்தான்" என்றேன். "என் கை வெந்தப்ப என்கிட்ட வந்து என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. நான் சொன்னதும், "அப்படியா சொன்னேன்?" என்றார். அந்தக் கேள்விக்காக அவரை நான் நான்கு நாள் மன்னிக்கவில்லை.

தீபாவளி காலையில் எதிர்வீட்டுக்குத் தட்டு எடுத்துப் போனேன். அக்கா கதவருகிலேயே நின்று, "வச்சிட்டுப் போம்மா" என்றார். ஒவ்வொரு வருடமும் வரும் பதில் தட்டு அந்த வருடம் வரவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

பொங்கல் லீவில் நாத்தனார் எதுவுமே நடக்காதது போலக் கேமரா ஸ்டாண்டும் விளக்குமாக வந்து நின்றார். இந்த முறை அடுப்பில்லாத எள்ளுருண்டையாம். எள்ளை வறுக்காமலா என்று கேட்டேன். "வறுத்ததை நீ முன்னாடியே தயாரா வச்சிரு, காட்ட வேண்டாம்" என்றார்.

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டேன். "எடுக்கலாம் அண்ணி. ஆனா அடுப்பும் தெரியணும். செய்யறது நான்னு என் முகமும் தெரியணும்."

"உன் முகமா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் விரித்து வைத்த ஸ்டாண்டை நானே மடக்கி, பையில் போட்டு, அவர் கையில் கொடுத்தேன். "இனிமே இந்த சமையலறையில வீடியோ கிடையாது." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அழுதிருப்பேன். என் கணவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்டோ பிடித்துத் தரத் தன் அக்காவோடு கீழே இறங்கிப் போனார்.

பொங்கலன்று கணவர் பையனைக் கூட்டிக்கொண்டு ஆவடிக்குப் போனார். என்னைக் கூப்பிட்டார், நான் போகவில்லை. பால் பவுடர் பர்ஃபி வீடியோ அப்படியேதான் இருக்கிறது. எடுக்க மாட்டேன் என்று நாத்தனார் சொல்லிவிட்டாராம். வீட்டில் தனியாகப் பொங்கல் வைத்து இறக்கிவிட்டு, சாப்பிடப் பிடிக்காமல் வெளியே வந்து நின்றேன். எதிர்வீட்டு வாசலில் அக்கா கோலத்து மேல் விழுந்த கரும்புச் சக்கையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசி.

நிமிர்ந்து பார்த்தார். "இன்னா, தனியா கீற?"

"ஆவடிக்குப் போயிருக்காங்க."

"நீ போலயா?"

"போகல."

அக்கா துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினார். "வா, வந்து சாப்ட்டு போ."

பெண்ணும் மாப்பிள்ளையும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எனக்கு இலை போட்டார். சாம்பாரை ஊற்றும்போது, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"மாப்ள அன்னிக்கி அத தின்னுட்டு நல்லாக்கீதுன்னாரு. நா ஒண்ணியும் சொல்லிக்கல. ஆனா நா மேல ஏறி வந்த ஒடனே நீ சொல்லிருக்கணும். பாலு அதிகம்னு எங்கிட்டயே சொன்ன பாரு, அதான் எனுக்கு ஆறல."

"ஆமாக்கா" என்றேன்.

"சரி, பெசஞ்சி சாப்டு. ஆறிப்போது" என்றவர், அப்பளம் எடுக்க உள்ளே போனார்.