வாசலில் எரிந்த பெற்றோல்மாக்ஸ்

மண்ணெண்ணெய் விலையை அரசாங்கம் ஏற்றிய வருடம், சரவணை என்ற எங்கள் ஊரில் நாள் தவறாமல் பெற்றோல்மாக்ஸ் விளக்கு எரிந்த ஒரே வீடு எங்களுடையது. இருட்டில் இருந்து சோறு தின்ற வீடும் எங்களுடையதுதான். எனக்கு அப்போது பத்து வயது. இதில் ஏதும் பிசகு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வீடென்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு நாட்டின் தெற்கே, சிங்கள ஊரொன்றில் கடை இருந்தது. எங்கள் தீவுப்பகுதியில் அப்படிக் கடை வைக்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கலவரத்தில் அந்தக் கடை சாமானோடு எரிந்துபோக, உடுத்த வேட்டியோடு வந்து சேர்ந்தார். வந்தவர், கடை போனால் என்ன, காசு பாங்கில் கிடக்கிறது என்று ஊருக்குச் சொல்லிவைத்தார். பாங்கில் ஒரு சதமும் கிடக்கவில்லை என்பது அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதை வெளியில் மூச்சு விடக்கூடாது என்பதும் தெரியும். அக்காவுக்குக் கரம்பொனில் சம்பந்தம் பேச்சில் இருந்தது. அவர்களுக்குக் கல்வீடு, தோட்டக்காணி எல்லாம் இருந்தன. மாப்பிள்ளை கப்பல் வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தார். அக்காவுக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. இது தவறினால் இன்னொன்று வராது என்று வீட்டில் எல்லோரும் பயந்தார்கள்.

எங்கள் பக்கத்துக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. விளக்கும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பதும் மண்ணெண்ணெயில்தான். விலை ஏறுகிறது, ஆனால் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு முத்திரை தருவோம், முத்திரையைக் கொடுத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையில் எண்ணெய் எடுக்கலாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஊரே அரசாங்கத்தைத் திட்டியது. ஐயா மட்டும் அதன் பக்கம் நின்றார். வெளிநாட்டில் கூடின விலைக்கு வாங்கி எத்தனை காலம்தான் குறைத்து விற்பது, நானும் வியாபாரிதானே, எனக்குத் தெரியாதா என்பது அவருடைய வாதம். இருக்கிறவன் விலை கொடுத்து வாங்கட்டும், இல்லாதவனுக்கு முத்திரை இருக்கிறது, இதைவிட நியாயம் வேறென்ன வேண்டும் என்பார். கடை எரிந்து நடுத்தெருவில் நின்ற மனிதர் அரசாங்கத்துக்காக இப்படி வழக்காடியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

கிராம சேவகரை நாங்கள் விதானையார் என்றுதான் சொல்வோம். அவர் படிவங்களோடு வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உமக்கு இப்ப வருமானமெண்டு ஒண்டும் இல்லைத்தானே. ஒரு கையெழுத்து வையும், மிச்சத்தை நான் எழுதிவிடுறன். இப்ப விட்டால் பிறகு ஏலாது.”

“எங்களுக்கு ஏன்? இல்லாததுகளுக்குக் குடுங்கோ” என்றார் ஐயா. சொல்லிவிட்டு விதானையாருக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார்.

அவர் போன பிறகு அம்மா ஐயாவுக்கு முன்னால் வந்து நின்றாள். முத்திரைக்காரரின் பெயர்ப்பட்டியலைச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டுவார்கள் என்று ஐயாதான் விளங்கப்படுத்தினார். “சரவணைக்கும் கரம்பொனுக்கும் நடுவிலை எத்தினை நாக்கிருக்குது, தெரியுமே?” என்றார். பட்டியலை ஒட்டிய அன்று, பள்ளிக்கூடச் சோதனை மறுமொழி பார்ப்பதுபோல் சனம் முண்டியடித்தது. நானும் புகுந்து மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். எங்கள் பெயர் இல்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். ஐயாவின் முகத்தில் அப்படியொரு ஆறுதலை நான் அதற்கு முன் கண்டதில்லை.

முத்திரை இல்லாதவன் விலை கொடுத்து வாங்குகிறவன், விலை கொடுத்து வாங்குகிறவன் வீட்டில் வெளிச்சம் இருக்கவேண்டும். இது ஐயாவின் தர்க்கம். நல்ல காலத்தில் கடையிலிருந்து அனுப்பிய பெற்றோல்மாக்ஸ் ஒன்று வீட்டில் இருந்தது. பொழுது பட்டதும் அவரே அதற்குக் காற்றடித்து, மென்ரில் வலை பளீரென்று பற்றியதும் முன் விறாந்தையில் தெருவுக்குத் தெரியக் கொழுவிவிடுவார். எட்டு மணிவரை எரியும். வாங்கிய எண்ணெய் முழுவதையும் அதுவே குடித்தது. குசினிக்கென்று இருந்த போத்தல் விளக்கு திரி கருகிக் காய்ந்து கிடந்தது. அம்மா அடுப்பு வெளிச்சத்தில் சமைத்தாள். மீன் முள்ளை விரலால் தடவிப் பார்த்துத் தின்ன நாங்கள் பழகிக்கொண்டோம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். ஐயா கூழின் ஆசையை விட்டுவிட்டார், மீசையை மட்டும் வைத்துக்கொண்டார்.

“விரலுக்குத் தக்கதுதான் வீக்கம்” என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அம்மா சொல்லவில்லை.

வெளிச்சத்தைக் கண்டு அயலில் உள்ள ஆம்பிளைகள் கூடத் தொடங்கினார்கள். எங்கள் விறாந்தையில் இருந்து பேப்பர் வாசித்தார்கள். எங்கள் வெளிச்சத்தில் இருந்துகொண்டே மண்ணெண்ணெய் விலையைத் திட்டினார்கள். ஐயா ஒவ்வொருவருக்கும் மறுமொழி சொன்னார். எனக்கு இரண்டு கட்டளைகள் இருந்தன. ஆட்களுக்கு முன்னால் எண்ணெய் கேட்கக்கூடாது. உள்ளே ஏன் இருட்டு என்று யாரும் கேட்டால், அம்மாவுக்குத் தலையிடி, வெளிச்சம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லவேண்டும். நான் இதைச் சொல்வதில் வலு கெட்டிக்காரி.

ஒருநாள் மைம்மல் பொழுதில் கரம்பொன்காரர் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும். முன்கூட்டிச் சொல்லவில்லை. பெற்றோல்மாக்ஸ் அப்போதுதான் பற்றியிருந்தது. இந்த ஒரு நாளுக்காகத்தானே இத்தனை நாள் எரித்தேன் என்பதுபோல் ஐயா கதிரைகளை இழுத்துப் போட்டார்.

கோப்பி வைக்க அடுப்பில் நெருப்பில்லை. விறகும் முடிந்திருந்தது. பனைமட்டையும் பன்னாடையும் பின்வளவில் குவித்துக் கிடந்தன. அந்த இருட்டுக்குள் விளக்கில்லாமல் போக அம்மாவுக்கு மனமில்லை. போத்தல் விளக்கை என்னிடம் தந்தாள். “ஐயாவிட்டைச் சொல்லி இதுக்கை ஒரு சொட்டு விடுவிச்சுக்கொண்டு வா, மோனை.”

விளக்கைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு முன்வாசலில் போய் நின்றேன். ஐயா கதைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதையை நிறுத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “என்ன பிள்ளை?” என்று மாப்பிள்ளையின் தாய் அன்பாகத்தான் கேட்டாள். “ஒண்டுமில்லை” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். கட்டளையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை எனக்கு.

“ஐயா கதைச்சுக்கொண்டிருக்கிறார்” என்றேன். அம்மா என்னை ஏசவில்லை. “சரி, அதுக்கென்ன” என்று சொல்லிக்கொண்டு இருட்டுக்குள் போனாள். மட்டைகள் சரியும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா ஒரு தடவை மூச்சை உள்ளே இழுத்த சத்தம். விறகோடு வந்தவள், “கருக்குக் கீறிப்போட்டுது” என்றாள். பனைமட்டையின் விளிம்பு அரிவாள் பல்லுப்போல இருக்கும், அது கிழிக்காத கால் எங்கள் ஊரில் இல்லை. நான் நம்பினேன். அம்மாவும் முதலில் நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா கோப்பி கொண்டுபோனாள். கோப்பி குடித்த பிறகும் அவர்கள் எழும்பவில்லை. தாய்மாமன் மண்ணெண்ணெய் விலையைப் பற்றி ஏதோ சொல்ல, ஐயா பிடித்துக்கொண்டார். அரசாங்கம் செய்தது எந்த வகையில் சரி என்பதை ஆதியிலிருந்து விளக்கினார். அவர் குரல் குசினிவரை கேட்டது. அம்மா அடுப்படியில் இருந்து, சேலைத் துண்டால் கணுக்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். தணல் வெளிச்சத்தில் அந்தக் கால் மற்றக் காலைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

“அம்மா, கால் வீங்குது.”

“சத்தம் போடாதை. அவை போகட்டும்.”

ஒரு மணித்தியாலம் இருந்தார்கள். போகும்போது அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா சுவரைப் பிடித்து நடந்துபோய், கதவு நிலையில் சாய்ந்து, வீங்கிய காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். சிரித்தாள். “போட்டு வாங்கோ” என்றாள். மார்கழிக்குப் பிறகு நல்ல நாள் பார்ப்போம் என்று மாப்பிள்ளையின் தாய் அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். காரின் வெளிச்சம் ஒழுங்கை முடக்கில் திரும்பிய பிறகுதான் அம்மா நிலத்தில் இருந்தாள். பிறகு அவளால் எழும்ப ஏலவில்லை.

ஐயா பெற்றோல்மாக்சைக் கழற்றிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். அந்த வெளிச்சத்தில் இரண்டு பற்குறிகள் தெளிவாகத் தெரிந்தன. அம்மாவின் பல்முரசிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. புடையன் பாம்பு என்று பார்த்தவுடனே அயலவர் சொன்னார்கள். ஊரில் இருந்த ஒரேயொரு வாடகைக் கார், பெற்றோல் விலை ஏறிய நாள் முதல் கல்லுக்கு மேல் நின்றது. சைக்கிளில் வேலணைக்கு ஆளனுப்பி வேறொரு கார் பிடித்து, அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைப் பாலத்தால் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் விளக்கோடு வாசலில் நின்றதை யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

சம்பந்தம் குழம்பவில்லை. கரம்பொன்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஒரு வருடம் கழிந்து அம்மாவின் ஆட்டைத் திவசம் முடிந்ததும் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கும் பிறகு கலியாணத்துக்கு வந்தவர்களுக்கும் ஐயா ஒன்றையேதான் சொன்னார். “அவ போனாலும், பிள்ளையை ஒரு நல்ல இடத்திலை சேர்த்துப்போட்டுத்தான் போனவ.” அதைச் சொல்லும்போது மட்டும் அவர் நிமிர்ந்து இருப்பார். மற்ற நேரங்களில் கூனிப்போயிருந்தார்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு நான் அக்கா வீட்டில் ஒரு கிழமை நின்றேன். அக்காவின் மாமி நல்ல மனுசி. ஒருநாள் காலையில் என் கையில் வெறும் போத்தலையும் முத்திரைகளையும் தந்து, சங்கக்கடைக்குப் போய் எண்ணெய் எடுத்துவரச் சொன்னாள். உங்களுக்கும் முத்திரையோ என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள்.

“ஏன், அதிலை என்ன குறை? முதல் பட்டியலிலையே எங்கட பேர் வந்திட்டுது. அரசாங்கம் தருகுது, வாங்கிறம்.”

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அக்கா இருட்டில் சோறு தின்னமாட்டாள் அல்லவா. வீட்டுக்கு வந்ததும் இதை ஐயாவுக்குச் சொல்லவேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். வீட்டுக்குத் திரும்பிய அன்று மத்தியானம் நானே தனியாகச் சமைத்தேன். ஒட்டிமீன் குழம்பு. ஐயா இரண்டு வாய் சாப்பிட்டதும், கரம்பொன்காரரும் முத்திரைக்குத்தான் எண்ணெய் எடுக்கிறார்கள் என்று சொன்னேன்.

“எப்பவிருந்து?” என்று கேட்டார்.

“முதல் பட்டியலிலையிருந்தாம். மாமி சொன்னவ.”

 ஐயா பிசைந்த சோறு கிடந்த சாப்பாட்டுக் கோப்பையிலேயே கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார். முதன்முதலாகத் தனியாகச் சமைத்த குழம்பை இப்படி வீணாக்கிவிட்டாரே என்று எனக்குச் சரியான கோபம். உப்புக் கூடிவிட்டதாக்கும் என்று சட்டிக்குள் விரலை வைத்து நக்கிப் பார்த்தேன். உப்பு அளவாகத்தான் இருந்தது.