நல்ல காற்றுள்ள பக்கம்

தோசைக்கு ஊறப்போட்ட அரிசியை மறந்து நானும் என் கணவரும் கொழும்புக்குப் போய் வந்தோம். குசினிக் கதவைத் திறந்ததும் அடித்த நாற்றம் என்னை நேரே பாப்பாமோட்டை அரிசி ஆலை வாசலில் கொண்டுபோய் விட்டது.

அங்கே அம்மா நெல் காயப்போடும் வேலை செய்தார். வெயிலுக்கு ஒதுங்க ஒரு கொட்டில் கேட்டு அவரும் மற்றப் பெண்களும் வேலையை நிறுத்தினார்கள்.

"இனி ஒருத்தரும் உள்ளுக்கு வரத் தேவையில்லை" என்று எல்லாரையும் வெளியே விட்டுப் படலையைப் பூட்டினார் முதலாளி. புழுங்கலுக்குத் தொட்டி நிறைய நெல் ஊறுவதை அவர் யோசிக்கவில்லை. அவருடைய வீடும் அதே வளவுக்குள்தான் இருந்தது.

பெண்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் வேம்பின் கீழ் இருந்து வெற்றிலை போட்டார்கள். உள்ளே நெல் புளித்தது, பிறகு நாறியது. முதலில் முதலாளியின் மாமியார் மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி என்று சொல்லிப் புறப்பட்டார். கடைசியில் முதலாளியே மூக்கில் லேஞ்சியைப் பொத்திக்கொண்டு வந்து பூட்டைத் திறந்தார்.

"எல்லாரும் வேலைக்கு வாங்கோ."

அம்மா எழும்பவில்லை. "நீங்கள் இஞ்சால வாங்கோ ஐயா, இருந்து கதைப்பம். இஞ்சதான் நல்ல காத்து."

அவர் வந்து இருந்தார். கொட்டிலுக்கு ஓம் சொன்ன பிறகுதான் அம்மா எழும்பினார்.

இப்போது என் கணவர் கதிரையோடு முற்றத்துக்கு ஓடிவிட்டார்.

"அதைக் கொண்டுபோய்க் கொட்டுமப்பா."

குசினிக்கு ஒரு யன்னல் வெட்டச் சொல்லிக் கேட்டுக் களைத்தவள் நான். இன்னொரு கதிரையை எடுத்துப்போய் அவருக்குப் பக்கத்தில் போட்டேன்.

"கொட்டுறன். முதல்ல யன்னலைப் பற்றிக் கதைப்பம். இஞ்சதான் நல்ல காத்து."