யுத்தத்தில் இளைத்த பீர்

என் மகன் இங்கிலாந்தில் பீர் காய்ச்சும் ஆலையில் வேலை பார்க்கிறான். ஈப்போவில் எங்கள் அடுக்குமாடியில் யாராவது கேட்டால் "தானியக் கம்பெனி" என்பேன். முழுப் பொய் இல்லை. பார்லியை ஊற வைத்து, முளை கட்டி, காய வைத்துத்தான் அந்த வேலையே தொடங்குகிறதாம். கீழ்வீட்டுக்காரி மட்டும் விடமாட்டாள். "என்ன தானியம்க்கா? குருவிக்குப் போடுறதா?" என்று சிரிப்பாள். அதோடு நிறுத்தவும் மாட்டாள். "புள்ள இந்தத் தீபாளிக்காச்சும் வருதா?" என்பாள்.

அதைக் கேட்டதும் துணி காய்கிறதா என்று பார்க்கப் போவதுபோல் நகர்ந்துவிடுவேன்.

எனக்குப் பேச்சு வராது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தேன், பிறகு ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போய்விட்டேன். காலையெல்லாம் மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கிறவளுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? வீட்டுக்காரர் இருந்தவரை எனக்கும் சேர்த்து அவரே பேசினார். அவர் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகன் கைப்பேசியில் கூப்பிடும்போதுதான் நான் வாய் திறப்பேன்.

"சாப்டியாமா?"

"சாப்டேன்."

"மருந்து?"

"போட்டேன்."

"மழையா அங்க?"

"மழதான்."

பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். "சரிம்மா" என்பான். அவன் முகம் மறைந்து, கறுத்த கண்ணாடியில் என் முகம் தெரியும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "அம்மா, தாத்தா பீரப் பத்தி என்னமோ சொல்வாருன்னு அப்பா சொல்லுமே, என்ன அது?" என்றான்.

தாத்தா என்றது என் மாமனாரை. சித்தியவான் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவுக்கு அவர்தான் சமையல்காரர். யுத்தத்தில் ஜப்பான்காரன் வருவதற்கு முன்னாலும் அவர்தான். ஜப்பான்காரன் போய் வேறு துரை வந்தபோதும் அவர்தான். துரைக்குக் கப்பலில் ஒரு பீர் வரும், பேல் ஏல் என்று பேர். வெளுத்த தேன் மாதிரி இருக்குமாம். துரை மிச்சம் வைத்தது இவருக்கு. நான் மருமகளாகப் போனபோது பங்களா வேலையை விட்டிருந்தார். ஆனாலும் தீபாவளிக்கு டவுனில் சீனர் கடைக்குப் போய் அதே பீரில் ஒரு பாட்டில் வாங்கி வருவார். தனக்குப் பாதி, மகனுக்குப் பாதி. ஒரு வாய் குடித்துவிட்டு மீசையைத் தடவிப் பார்ப்பார்.

"பாத்தியா, நொரையே ஒட்டல. முன்னெல்லாம் மீசையில ஏறி ஒக்காந்துக்கிட்டு எறங்கமாட்டேன்னு அடம்புடிக்கும்லா. வெள்ளக்காரன் யுத்தத்துல ஜெயிச்சுட்டான், அவன் பீரு தோத்துப்போச்சு."

"தோத்ததே இவ்ளோ நல்லா இருக்கேப்பா" என்பார் என் வீட்டுக்காரர்.

"ஒனக்கென்ன தெரியும்? நீ பொறந்ததே பஞ்சத்துல."

தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரும் கிழவர் பங்களாப் பெருமை அடிக்கிறார் என்றுதான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல மகன் சிரித்த சிரிப்பில் அவன் கைப்பேசியே ஆடியது. அவ்வளவு நீளமாக நான் பேசியது எனக்கே ஆச்சரியம்.

"தாத்தா புளுகலம்மா. அவர் நாக்கு சொன்னது நெஜம்" என்றான்.

அவன் ஆலையில் ஒரே பீரை இரண்டு விதமாகக் காய்ச்சுகிறார்களாம். ஒன்று யுத்தத்துக்கு முந்திய பக்குவம், இன்னொன்று யுத்த காலத்துப் பக்குவம். முந்தியதில் நல்ல முளைகட்டிய பார்லி நிறையப் போடுவார்கள். கூடக் கொஞ்சம் சர்க்கரை, வெளிநாட்டிலிருந்து வரும் சோள அவல், கசப்புக்கு ஹாப்ஸ் என்று ஒரு கொடியின் பூ. யுத்தம் வந்ததும் கப்பலெல்லாம் சோளத்தை விட்டுவிட்டு வேறு சாமான் ஏற்றப் போய்விட்டன. சர்க்கரைக்குப் பங்கீடு. தானியம் ரொட்டிக்கு வேண்டும், மாட்டுக்கு வேண்டும். பூவையும் குறைத்துப் போடச் சொல்லிவிட்டார்கள்.

"அப்ப எத வச்சுக் காச்சுனாங்க?"

"மொளகட்டாத பார்லிய அவலாட்டம் தட்டிப் போட்டாங்க. ஓட்ஸ் போட்டாங்க. சில எடத்துல உருளக்கெழங்கக் காயவச்சுக்கூடப் போட்டுப் பாத்துருக்காங்க. எல்லாத்தவிட, தண்ணியக் கூட்டிட்டாங்கம்மா."

கிழங்கு என்றதும் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. நான் பிறந்தது ஜப்பான்காரன் போன பிறகு. ஆனால் அவன் காலத்து மரவள்ளிக்கிழங்கு எங்கள் வீட்டைவிட்டுப் போகவே இல்லை. அரிசி கிடைக்காத நாளில் தோசை மாவில் கிழங்கை அரைத்துப் போட்டுப் பழகிய அம்மா, அரிசி தாராளமாகக் கிடைத்த பிறகும் ஒரு பிடி கிழங்கு போடாமல் மாவு ஆட்டமாட்டாள். கல்யாணமாகி வந்துதான் வெறும் அரிசி உளுந்துத் தோசையைத் தின்றேன். வாயில் ஒட்டாமல் என்னவோ போலிருந்தது. இன்றைக்கும் நான் கிழங்கு போட்டுத்தான் ஆட்டுகிறேன்.

இதைக் கேட்டு மகன் சொன்னான். "அதேதாம்மா இங்கயும். யுத்தம் முடிஞ்சப்புறம் நெலம இன்னும் மோசம். அப்புறம் ஒவ்வொண்ணா எல்லாம் திரும்பக் கெடச்சுது. ஆனா பீரு மட்டும் பழைய கெட்டிக்குப் போகவே இல்ல."

"ஏன், அதான் எல்லாம் கெடச்சுதே?"

"வரி ஜாஸ்தி. சனங்களும் பழகிட்டாங்க. பழகுனப்புறம் எதுக்குன்னு விட்டுட்டாங்க."

அவன் ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னான். பேச்சு முடிந்தும் எனக்கு அது மனதைவிட்டுப் போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள் செத்துப்போனவர்களுக்குப் படையல் உண்டு. உயிரோடு இருந்தபோது யாருக்கு எது பிடிக்குமோ அதை இலையில் வைக்க வேண்டும். மாமனார் படத்துக்கும் வீட்டுக்காரர் படத்துக்கும் ஆட்டிறைச்சி, பொரித்த மீன், உளுந்து வடை, நடுவில் ஒரு பாட்டில் பீர். பாட்டிலைத் திறப்பது வீட்டு ஆண்பிள்ளை வேலை. அவன் திறந்து, குவளையில் ஊற்றி, சூடம் காட்டிய பிறகு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட்டுப் போகட்டும் என்று. இங்கிலாந்து போன பிறகும் மகன் அதற்காகத் தீபாவளி தவறாமல் வந்துகொண்டிருந்தான்.

கொரோனா வந்தது. பிளேன் நின்றுபோனது. அந்த வருஷம் கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து நிறுத்தி, அவன் அங்கிருந்து "தொறம்மா, ஊத்தும்மா" என்று சொல்லச் சொல்ல நானே திறந்தேன். பழக்கமில்லாத கை. நுரை பொங்கிக் கைப்பேசிமேல் வழிந்தது. "மூஞ்சியிலயே ஊத்திட்டியே" என்று அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரு வருஷம்தானே என்று நினைத்தேன்.

பிளேன் திரும்பப் பறக்க ஆரம்பித்தது. கீழ்வீட்டுக்காரி மகள் சிங்கப்பூரிலிருந்து வந்தாள், போனாள். என் வீட்டுப் படையலில் மட்டும் சர்க்கரை டப்பாவும் கைப்பேசியும் நிலைத்துவிட்டன. அவன் வேண்டுமென்றே வராமல் இருந்தான் என்றில்லை. டிக்கெட் விலை என்றான், லீவு என்றான். நானும் "பரவால்லய்யா" என்றேன். ஒவ்வொரு வருஷமும் பரவாயில்லை என்று நானேதான் சொன்னேன்.

பீர்ப் பேச்சு தொடங்கிய பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுநேரம் பேசினான். துரை எந்தக் குவளையில் குடிப்பார், பாட்டிலைக் கிணற்றில் இறக்கிக் குளிர வைப்பார்களா என்றெல்லாம் கேட்டான். மாமனார் சொன்னதில் நினைவிருந்ததைச் சொன்னேன். நினைவில்லாததற்கு, "அடுத்த வாரம் யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அப்படியாவது அடுத்த வாரமும் நீளமாக இருக்கட்டும் என்று.

ஒரு நாள் அவனே சொன்னான். "ரெண்டு பீரும் பாட்டில்ல போட்டாச்சும்மா. படையலுக்கு நானே கொண்டாறேன்."

அன்றைக்கு நானாகவே படியிறங்கிப் போய்க் கீழ்வீட்டுக்காரியிடம், "புள்ள வரான்" என்றேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு, "அடேயப்பா, தானியம் மொளச்சிருச்சா?" என்றாள். மெத்தையை வெயிலில் போட்டேன். அவனுக்குப் பிடித்த நெய்யுருண்டைக்குப் பயறு வறுத்து அரைத்து வைத்தேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, புதுப் பீர் கடைக்குப் போகிற நேரமும் அதுதான், லீவு தரமாட்டார்கள் என்றான். "பரவால்லய்யா" என்றேன். பாட்டில்கள் மட்டும் வந்து சேர்ந்தன. அவனுக்கு அங்கே பழக்கமான ஒரு நர்ஸ் பெண், ஈப்போக்காரி, தீபாவளிக்கு அப்பா அம்மாவைப் பார்க்க வந்தவள், துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பிரிஜ்ல வைங்க ஆன்ட்டி. இது கடையில விக்கிறது மாதிரி இல்ல, உள்ளுக்குள்ள ஈஸ்ட் உயிரோட இருக்காம். ரொம்ப நாளைக்குக் கெடாதுன்னு சொல்லச் சொன்னாரு" என்றாள்.

"டீ போடட்டாம்மா?"

"இல்ல ஆன்ட்டி, அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க."

அவளுக்கு லீவு கிடைத்திருந்தது.

அன்று சாயங்காலம் மகன் கூப்பிட்டு, எது எந்தப் பாட்டில் என்று சொன்னான். சிவப்பு மூடி யுத்தத்துக்கு முந்தியது, வெள்ளை மூடி யுத்த காலத்தது. "அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அந்தக் கெட்டியானதையே ஊத்திரும்மா. மத்தது சும்மா பாக்கத்தான் அனுப்புனேன்."

"ஒங்கப்பாவுக்கு வெள்ள மூடிதான்" என்றேன்.

"ஏம்மா, நல்லது இருக்கறப்ப?"

"அவரு குடிச்சது அதத்தானே. அவருக்கு அதுதான் பீரு. முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது. தாத்தாவுக்குத்தான் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மாமனார் வருஷா வருஷம் மீசையைத் தடவியது வீண்பெருமை இல்லை. முந்தியதைக் குடித்தவருக்குப் பிந்தியது பழகாது. அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் பிந்தியதிலேயே திருப்தியாக இருந்தார்கள். அவர் பாவம், தனியாக இருந்தார்.

படையலன்று காலையிலிருந்து தனியாகச் சமைத்தேன். இலை போட்டேன். மாமனார் படத்துக்கு முன்னால் சிவப்பு மூடி, வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் வெள்ளை மூடி. சர்க்கரை டப்பாவை எடுக்கப் போன கை நின்றுவிட்டது. பாட்டில்கள் இரண்டையும் எடுத்துத் திரும்பப் பிரிஜ்ஜில் வைத்தேன். வெயிலுக்கு நான் குடிக்கப் பார்லித் தண்ணீர் காய்ச்சி வைத்திருந்தேன். இரண்டு குவளையில் அதை ஊற்றி வைத்தேன்.

"யுத்த காலம்னு நெனச்சுக்குங்க மாமா" என்றேன் படத்திடம். "இந்த வருஷம் பார்லியோட நிறுத்தியாச்சு."

சூடம் காட்டும்போது கைப்பேசி அடித்தது. சூடம் அணையட்டும் என்று நின்றிருந்தேன். அணைந்த பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து எடுத்தேன். அங்கே அவன் சட்டையெல்லாம் மாற்றி, நெற்றியில் விபூதி வைத்து உட்கார்ந்திருந்தான்.

"தொறந்துட்டியாமா? என்னய விட்டுட்டியே."

"தொறக்கல."

"ஏன், தொறக்க வரலயா?"

"வரும். தொறக்கல." பெற்ற பிள்ளையிடம் பேச என்ன கூச்சம், ஆனால் இருந்தது. "நீ வந்து தொற."

அதற்கு அவன், "தாத்தாவும் அப்பாவும் காத்துக்கிட்டு இருப்பாங்களேம்மா" என்றான்.

"இருக்கட்டும். அவங்களுக்குப் பழகிருச்சு. எனக்குத்தான் இந்தப் போனு பழகலய்யா. இத்தன வருஷமா பரவால்ல பரவால்லன்னு சொன்னேன்ல, அது பொய்யி."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். விபூதி அழிந்தது. கண்ணையா நெற்றியையா, திரையில் சரியாகத் தெரியவில்லை. அருகில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

"எப்பன்னு கேக்கமாட்டியாமா?"

"கேக்கமாட்டேன். கெடாதுன்னு நீதானே சொல்லி அனுப்புன."

இதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகின்றன. அவன் தேதி சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் இப்போது சாப்டியா என்று தொடங்குவதில்லை. "பாட்டில் இருக்காம்மா?" என்கிறான். "இருக்கு" என்கிறேன்.

போன வாரம் கருவேப்பிலை கேட்டு வந்த கீழ்வீட்டுக்காரி தானே பிரிஜ்ஜைத் திறந்துவிட்டாள். தயிருக்குப் பின்னால் இரண்டு பாட்டில்களையும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னக்கா இது, தனியா இருந்து தண்ணி அடிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"புள்ளையோடது" என்றேன். "அவன் காச்சுனது. அவன் பீர் ஆலையில வேல பாக்குறான்."

துணி காய்கிறதா என்று பார்க்க நான் போகவில்லை. பிள்ளை எப்போது வருகிறான் என்று அவள் அடுத்ததாகக் கேட்கப்போகும் கேள்விக்காக அங்கேயே நின்றிருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. பாட்டில்கள் சாய்ந்துவிடாமல் தயிர்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, கருவேப்பிலையை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பிரிஜ் கதவைச் சாத்தினாள்.