மார்த்தாண்டத்து இன்ஷூரன்ஸ்

ஈப்போவில் வாடகைக்குக் கார் எடுக்கப் போனால் முதலில் அந்தக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். தவுக்கே என்று அங்கே அழைக்கப்படும் சீன முதலாளி முன்னால் நடப்பார், நாம் பின்னால் போக வேண்டும். மட்கார்டில் நெளிவு இருக்கும் இடத்தில் நின்று விரலால் தொட்டு, "இனி லாமா" என்பார். கதவில் கீறல் இருந்தால் அதையும் தொட்டு, "இனி லாமா" என்பார். நான் மலாயாவுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த சமயம். அந்த 'இனி'யை நம் இனி என்று நினைத்துக்கொண்டு, இனிமேல் இந்த நெளிவுக்கெல்லாம் நம் தலையில் காசு விழப் போகிறது என்று பயந்துபோனேன். என்னோடு அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த யாழ்ப்பாணத்துச் செல்வநாயகிதான் சிரித்துக்கொண்டே விளக்கினாள். மலாய் மொழியில் அதற்கு 'இது பழையது' என்று அர்த்தமாம். இந்தப் பழுதெல்லாம் முன்பே இருந்தவை, இவற்றுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று அவரே ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுக்கிறாராம். வாடகைக்கு விடுகிறவன் தன் பொருளின் குறையைத் தானே தொட்டுக் காட்டுவதை என் ஊரில் நான் கண்டதில்லை. பத்து காந்து என்ற பக்கத்து ஊருக்குப் போய் வரும் வழியில் மோதினால் என்ன ஆகும், யாராவது செத்தால் யார் பொறுப்பு என்று அவளிடம் கேட்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் நானும் நடுவில் புகுந்து 'மாத்தி, மாத்தி' என்றேன். மாத்தி என்றால் அங்கே சாவு. அவர் முகம் வாடி, யார் செத்தது என்று கேட்டு, சவ ஊர்வலத்துக்கென்றால் கறுப்பு வண்டி இருக்கிறது என்று உள்ளே கை காட்டினார். ஒருவழியாகப் புரிந்த பிறகு, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் தான் கட்டிவிட்டதாகவும் அதற்காக எங்களிடம் தனியாக எதுவும் வாங்குவதில்லை என்றும் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

இதைப் படிக்கிறவர்களில் ஊரில் இருப்பவர்கள், வெளிநாட்டுப் பெருமை பேசுகிறாள் என்று நினைக்க வேண்டாம். மலாயாவில் எல்லாம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. நர்ஸுகள் விடுதியில் யாரோ உடைத்த பீங்கான் கோப்பைக்கு எல்லார் சம்பளத்திலும் பிடிப்பார்கள். கேட்டால் அது வழக்கம் என்பார்கள். வெள்ளைக்கார சிஸ்டர்களின் சம்பளத்தில் மட்டும் அந்த வழக்கம் கிடையாது. அதற்கும் நான் வாயைத் திறந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மேட்ரனிடம் திட்டு வாங்கியது அன்றோடு மறந்துவிட்டது. மார்த்தாண்டத்தில் நடந்தது இன்றைக்கும் நெஞ்சில் எரிகிறது. ஏனென்றால் அது என் ஊர்.

நாங்கள் சிதறால் மலையடிவாரத்துக்காரர்கள். என் அண்ணன் செல்லையன் பனையேறி. அவன் ஏறி இறங்கிய மரங்களின் காசில்தான் நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, நர்ஸ் வேலை கற்று, கப்பல் ஏறினேன். முதல் விடுப்பில் நான் வீட்டுக்கு வந்தபோது அக்கானி இறக்கும் காலம். அக்கானி என்று நாங்கள் சொல்வது பதநீரை. ஒரு காலை வேளையில் அண்ணன் பாளை சீவிக்கொண்டிருந்தபோது பிடித்திருந்த மட்டை முறிந்து கீழே வந்துவிட்டான். நான் ஓடிப் போய்ப் பார்க்கும்போது நினைவு இருந்தது. இடது கால் திரும்பிக் கிடந்தது. இடுப்பைத் தொடவிடவில்லை. பனைமட்டையைப் பிளந்து காலோடு சேர்த்துக் கட்டினேன். வீட்டுக் கதவைக் கழற்றி அதன்மேல் கிடத்தி, மாட்டுவண்டியில் ஏற்றி, அம்மாவும் அண்ணன் பெண்டாட்டியான மைனியும் நானுமாக மார்த்தாண்டம் வந்து சேர்ந்தோம். அங்கிருந்த டாக்டர் வலிக்கு ஊசி போட்டார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று தெரியவில்லை, எக்ஸ்ரே இருக்கும் நாகர்கோவிலுக்கு உடனே கொண்டுபோங்கள், வழியெல்லாம் நாடியைப் பார்த்துக்கொண்டே போங்கள் என்று என்னிடம் சொன்னார். நாடி வேகமெடுத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை.

பஸ்ஸில் படுக்க வைத்துக்கொண்டு போக முடியாது. முச்சந்தியில் வாடகைக்கு விடும் பிளஷர் கார்கள் இரண்டு பேரிடம் இருந்தன. எதிர்ச்சாரிக்காரருடைய வண்டி கல்யாணத்துக்குப் போயிருந்தது. மற்றவருடைய வண்டி கடை வாசலிலேயே நின்றது. அவர் முதலில் மாட்டுவண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் செருப்பு, கைப்பை, சேலையில் குத்தியிருந்த கடிகாரம் எல்லாவற்றையும் பார்த்தார். பெனாங்கா சிங்கப்பூரா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே வாடகை ஏறிவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நாகர்கோவிலுக்கு இவ்வளவு என்றார். சரி என்றேன். திரும்பி வரும்போது வண்டி வெறுமே வருமே, அதற்குத் தனி என்றார். அது நியாயம்தான் என்று அதற்கும் சரி என்றேன். டிரைவருக்குப் படி, ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்றால் அதற்கு, சீட்டில் ரத்தம் பட்டால் கழுவுவதற்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. ரத்தம் எதுவும் வெளியே வரவில்லை, வந்து பாருங்கள் என்றேன். அவர் வரவில்லை. கடைசியில்தான், வாடகை அளவுக்கே இன்னொரு தொகையைச் சொல்லி, இது இன்ஷூரன்ஸுக்கு என்றார்.

வண்டி எங்காவது மோதினால் அதற்கான இன்ஷூரன்ஸை வண்டிக்காரர் கட்டியிருக்க வேண்டும், ஏறுகிறவர்களிடம் கேட்பது முறையல்ல என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலப் பேசினார்.

"அது வண்டிக்கு. இது ஆளுக்கு. பனையில இருந்து விழுந்த ஆளாக்கும். வழியில வல்லதும் பற்றி ஆளு செத்துப் போச்சுன்னா நாளைக்கு எனக்க வண்டியில ஆரு ஏறுவா?"

"ஆளுக்குன்னா எந்தக் கம்பெனி? ரசீது தருவீங்களா?"

"நான்தான் கம்பெனி."

சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வாழைக்குலை ஏற்ற வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வருஷங்களில் அதே முச்சந்தியில் அடிக்கடி கூட்டம் நடக்கும். நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் கிடந்து அவதிப்படுகிறோம், தமிழ்நாட்டோடு சேர்ந்தால்தான் நமக்கு நியாயம் என்று பேசுவார்கள். கைதட்டியவர்களில் இந்த முதலாளியும் இருந்திருப்பார். மாட்டுவண்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் ஒரு தமிழனுக்கு வேறொரு தமிழன் விலை போடுவதை எந்த ராஜ்யத்தோடு சேர்த்தால் சரியாகும் என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நான் மறுபடியும் வாதாட வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள். "மக்கா, அவன் கேக்குதத குடு. ஆளு கிடக்குத கிடப்பப் பாத்தியா?" என்றாள். அதற்கு மேல் நான் என்ன பேச முடியும்? கையில் இருந்ததெல்லாம் வாடகைக்கும் மற்றதற்கும் போய்விட்டது. இன்ஷூரன்ஸுக்குப் பணம் இல்லை. அவருடைய கண் என் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. நர்ஸுகள் மார்பில் தலைகீழாகத் தொங்கவிடும் கடிகாரம் அது. அவர் கேட்டார், நான் கழற்றிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

பின்சீட்டில் அண்ணனின் தலை என் மடியில் இருந்தது. அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தாள். மைனி முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு அழுதாள். நான் அண்ணனுடைய மணிக்கட்டைப் பிடித்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் கடிகாரம் இல்லை. நாடி துடிக்கிறது, ஆனால் எவ்வளவு வேகம்? ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம்? படித்துப் பட்டம் வாங்கி வந்த நர்ஸ், சொந்த அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு குருட்டுக் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தேன். வேகமாகிவிட்டதுபோல் இருக்கும். இல்லை, அது என் நெஞ்சு அடித்துக்கொள்வது என்று தோன்றும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். அவன் உயிருக்கு இன்ஷூரன்ஸ் என்று சொல்லி, அந்த உயிர் இருக்கிறதா போகிறதா என்று பார்க்க என்னிடம் இருந்த ஒரே பொருளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தக்கலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட நிறுத்தினார்கள். டிரைவரிடம் கடிகாரம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அண்ணன் கண்ணைத் திறந்து, "எதுக்கு இப்பிடி முழிக்கிய? நான் போவமாட்டேன்" என்றான். உதடு வெளுத்திருந்தது.

அவன் போகவில்லை. நாகர்கோவிலில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வைத்தார்கள். உள்ளே கசிவு இல்லை என்றார்கள். ஆனால் இனிப் பனை ஏற முடியாது என்பதையும் அதே மூச்சில் சொன்னார்கள். அதைக் கேட்டு அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஆபத்து நீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன மறுநாள் நான் பஸ் ஏறி மார்த்தாண்டம் போனேன். வேண்டாம் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். உயிர் கிடைத்ததற்கு அந்தக் கடிகாரம் நேர்ச்சைக் காணிக்கையாகப் போகட்டும் என்றாள். நேர்ச்சை என்றால் அது ஆண்டவருக்கு, அந்த ஆளுக்கு அல்ல என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் என் கடிகாரம் தொங்கியது. நெஞ்சில் குத்திக்கொள்கிறவள் குனிந்து பார்க்கும்படி செய்த பொருள் என்பதால் சுவரில் எண்கள் தலைகீழாகத் தெரிந்தன. வண்டியில் எதுவும் நடக்கவில்லை, அண்ணன் பிழைத்துவிட்டான், கடிகாரத்தைத் தாருங்கள் என்று கேட்டேன்.

"நடக்காம இருந்ததுக்குத்தானே அது" என்றார்.

"நடந்திருந்தா என்ன தந்திருப்பீங்க?"

எங்கள் ஊரில் ஆம்பிளைகளிடம் ஒரு பெண் இப்படி எதிர்க்கேள்வி போடுவது வழக்கமில்லை என்று மட்டும் சொன்னார். நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. வண்டி பேச யார் வந்தாலும் அவர்களிடம் பேசினேன். திரும்பி வரும் வாடகை இதில் சேர்ந்ததா, டிரைவர் படி சேர்ந்ததா, காத்து நிற்பதற்கு உண்டா என்று இப்போதே கேளுங்கள், இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு கேளுங்கள், ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றிப் பாருங்கள், இன்ஷூரன்ஸ் என்று தனியாகச் சொன்னால் எந்தக் கம்பெனி என்று கேளுங்கள் என்று சொன்னேன். முதலில் வந்தவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார். பிறகு பெண் அழைப்புக்கு வண்டி பேச ஒரு குடும்பம் வந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் நான் சொன்னதையெல்லாம் நிதானமாகக் கேட்டுவிட்டு, அப்படியே ஒவ்வொன்றாக முதலாளியிடம் கேட்டார். முதலாளி தடுமாறினார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்ச்சாரிக்காரரிடம் போய்விட்டார். அவர் பின்னாலேயே குடும்பமும் போயிற்று.

வெயில் உச்சிக்கு வந்தபோது முதலாளி எழுந்து ஆணியிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். என் கையில் தரவில்லை, பெஞ்சில் வைத்தார். "எடுத்துட்டு நிங்க நாட்டுக்குப் போங்க" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று மைனி பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிங்க நாடு. எது என் நாடு? அந்த பெஞ்சிலிருந்து எழுந்து நடந்தால் பொழுது சாயுமுன் நான் பிறந்த வீட்டு வாசலுக்குப் போய்விடலாம். என் அப்பனைப் புதைத்த மண் அந்த வழியில்தான் இருக்கிறது. காசு கேட்கும்போது பெனாங்குக்காரி, நியாயம் கேட்கும்போதும் பெனாங்குக்காரி. அந்தக் கேள்விகளை நான் மலாயாவில் கற்றுக்கொண்டேன் என்பது உண்மைதான். அதற்காகக் கேட்ட வாய் அந்நியமாகிவிடுமா? அம்மாவும் அன்று என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாளைக்கு ஒரு அவசரம் என்றால் அதே வண்டியைத்தானே கூப்பிட வேண்டும், நீ கப்பல் ஏறிவிடுவாய் என்றாள். அவள் சொன்னது சரியென்பதால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அண்ணன் மட்டும் கடிகாரத்தை வாங்கித் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்துச் சிரித்தான். இப்போது அவன் கம்பு ஊன்றி நடக்கிறான். மற்றவர்கள் இறக்கும் அக்கானியை வாங்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறான்.

விடுப்பு முடிந்து நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். டெக் பயணிகளுக்கு இடம் குறித்துத் தருவதில்லை. ஆனால் காற்று வரும் இடங்களில் கப்பல் கூலிகள் முன்பே பாயைப் போட்டு வைத்துக்கொண்டு அதற்குக் காசு கேட்டார்கள். டிக்கெட்டில் இதுவும் சேர்ந்ததுதான் என்று சொல்லி, தராமல் நகர்ந்தேன். ஒரு பக்கம் தஞ்சாவூர்க் குடும்பங்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பேசியதைக் கேட்டதும் அவர்களில் ஒரு அம்மாள், "நீங்க மலையாளமா?" என்று கேட்டு, தன் சாமான்களைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள். மறுபக்கம் கொல்லத்துப் பெண்கள் சிலர், என்னைப் போலவே நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள், உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் போய்ப் பேசினேன். ஒருத்தி மற்றவளிடம் மெல்ல, "பாண்டியாணு" என்றாள். தமிழ்க்காரரை அவர்கள் இளக்காரமாகச் சொல்லும் பெயர் அது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், சுருட்டி வைத்த கப்பல் கயிற்றுக்கு அருகே, ஒரு பாய் அகலத்துக்கு இடம் கிடந்தது. அந்த இடத்துக்கு மட்டும் யாரும் காசு கேட்கவில்லை. அங்கே என் பாயை விரித்து, கரை மறையும் திசையைப் பார்த்து உட்கார்ந்தேன்.