கெட்டது, பிடுங்கினது, அடைச்சது

என் மூத்த பேரன் பேராதனையில் பொறியியல் படிக்கிறான். இளையவனுக்குப் பாலாவிச் சந்தியில் சொந்தமாக லொறி திருத்தும் கடை இருக்கிறது. பேத்தி ஸஹ்ரா குர்ஆன் ஓதும் கிராஅத் போட்டியில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள். கேடயம் எங்கள் அலுமாரிக்கு மேலே நிற்கிறது. பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்த மூன்று வாய்களையும் சின்ன வயதில் பிடித்துத் திறந்து பார்த்தவர், பாடசாலைக்குப் பல் பார்க்க வந்த பௌசியா மிஸ். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த இளையவன், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "உம்மும்மா, பல்லு மிஸ் மௌத்தாம்" என்றான்.

நான் அழுது முடிப்பதற்குள் பாடசாலையின் முகநூல் பக்கத்தில் உங்கள் அஞ்சலி வந்துவிட்டது. ஸஹ்ரா வாசித்துக் காட்டினாள். "அன்னாரின் சேவையால் எமது பிள்ளைகள் சூத்தைப் பல் இல்லாத பிள்ளைகள் எனப் பெயர் பெற்றனர்." அதோடு அழுகை நின்றுவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கையால் எழுதித் தருகிறேன், ஸஹ்ரா கைபேசியில் ஏற்றுவாள். பழைய மாணவரும் பெற்றோரும் கடைசிவரை வாசியுங்கள்.

மிஸ் கல்பிட்டிக்காரர். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த எங்கள் குடியேற்றத்துப் பாடசாலைக்கு பஸ்ஸில் வருவார். யன்னலோரம் ஒரு கதிரையைப் போட்டு, பிள்ளையின் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டு, ஒவ்வொரு பல்லாகத் தொட்டு உரக்கச் சொல்வார்: "கெட்டது. கெட்டது. பிடுங்கினது. கெட்டது." ஓர் ஆசிரியை பக்கத்தில் இருந்து எழுதுவார். இது என்ன ஓதல் என்று ஒரு நாள் கேட்டேன்.

"மூணு கணக்கு ராத்தா. கெட்டது, பிடுங்கினது, அடைச்சது. டவுன் பிள்ளைகள்ட வாயில ஓட்டைய அடைச்ச பல்லு இரிக்கும். இங்க அது இல்ல. அடைச்ச பல்லே இல்லாத ஊரெண்டா, வைத்தியர் போகாத ஊரெண்டு அர்த்தம்."

"அப்ப எங்கட வாயப் பாத்தே எங்கட விதியச் சொல்லிருவீங்க."

"வாய்க்கு மேல போகாதீங்க ராத்தா. அது என்ட டிப்பாட்மெண்ட் இல்ல."

யுத்தம் முடிந்து சில வருடங்களில், பிள்ளைகளின் பல் நிலைமையை நாடு முழுவதும் அளக்க கொழும்பிலிருந்து ஒரு குழு புறப்பட்டது. சீட்டுப் போட்டுப் பாடசாலைகளை எடுத்தபோது எங்களுடையதும் விழுந்தது. எங்கே பல் அதிகம் கெட்டிருக்கிறதோ அங்கேதான் பல் வைத்தியரும் அவருக்கான கதிரையும் போகும் என்று மிஸ் வீடு வீடாகச் சொன்னார். அந்தக் கதிரை நமக்குத்தான் என்று நம்பியிருந்தார்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? அதிபரும் அபிவிருத்திச் சங்கமும் கூடி, சூத்தைப் பல்லுள்ள பிள்ளைகளை அன்று வர வேண்டாம் என்று நிறுத்தினீர்கள். "அகதிப் பிள்ளைகள் ஊத்தைப் பிள்ளைகள் எண்டு கொழும்பு வரைக்கும் கதை போகணுமா?" என்று சங்கத் தலைவர் கேட்டாராம். நான் காணி பார்க்க மன்னாருக்குப் போயிருந்தேன். ஸஹ்ராவையும் நிறுத்திவிட்டீர்கள். மிஸ்ஸுக்கு அன்று வேறு பாடசாலையில் கடமை. வெள்ளைப் பல் பிள்ளைகள் மட்டும் வரிசையில் நிற்க, குழு பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனது.

அடுத்த நாள் நான் வந்திறங்கி ஸஹ்ராவைத் தேடிப் போனபோது, அதிபரின் அறையில் மிஸ்ஸின் குரல் கேட்டது.

"இனி இந்தக் கதிரைய யார்ட்ட போய்க் கேக்கிற ஸேர்?"

"ஊர்ர மானமும் பாக்கணுமே மிஸ்."

"மானத்த வச்சுப் பல்லு அடைக்க ஏலுமா?"

குழு அன்று முந்தல் ஊரில் வேறொரு பாடசாலையில் இருந்தது. என் மருமகனின் வேனில், நிறுத்திவைத்த பிள்ளைகளை உம்மாமாரிடம் கேட்டுக் கேட்டு ஏற்றினார் மிஸ். நானும் ஏறினேன். குழுத் தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். அன்று வராதவர் வராதவர்தான், நாமாகப் பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்த்தால் அளவே பிழையாகிவிடும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஸ்தான் என் கையைப் பிடித்தார். "அவர் சொல்றது சரி ராத்தா. நல்ல பல்லப் பொறுக்கிக் குடுத்ததும் பிழை, கெட்டதப் பொறுக்கிக் குடுக்கிறதும் பிழை. தெரிஞ்சுதான் வந்தன். மனசு கேக்கல்ல." பிறகு பிள்ளைகளிடம், "வந்தது வந்தாச்சு, ஆ காட்டுங்க" என்று வேன் படியில் வைத்தே எல்லோரையும் பார்த்தார். திரும்பும்போது பாலாவி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கதிரை வேறு ஊருக்குப் போனது. ஸஹ்ராவுக்குக் கன்னம் வீங்கி, அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய கடைவாய்ப் பல்லைப் புத்தளம் ஆஸ்பத்திரியில் பிடுங்கினோம். அதை யாருடைய கணக்கில் எழுதுவது? ஓய்வு பெறும்வரை மிஸ் அதே பஸ்ஸில் வந்தார், அதே யன்னலோரத்தில் பார்த்தார். இன்றைக்கும் பிள்ளைகள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். நீங்களோ அன்றைய பொய்யை எடுத்து அவருடைய ஜனாஸாவின் மேல் போர்த்துகிறீர்கள்.

இப்போது என் வீட்டுக்கு எந்தப் பிள்ளை வந்தாலும், சோறு போடுமுன் "ஆ காட்டு" என்கிறேன். கெட்டிருந்தால், உம்மாவின் முகத்துக்கு நேரே கெட்டது என்கிறேன். மிஸ்ஸிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தச் சொல்தான். ரப்பு அவருடைய கப்றுக்குழியை வெளிச்சமாக்கட்டும்.

பெண்ணின் படம் போடக்கூடாது என்று, அஞ்சலியோடு அந்த வெள்ளைப் பல் வரிசையின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். முந்தலில் மருமகன் எடுத்த படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. நிறுத்திவைத்த பிள்ளைகள் வேன் படியில் வாயைத் திறந்தபடி இருக்கிறார்கள். ஓரத்தில் மிஸ்ஸின் கையும் கண்ணாடியும் மட்டும் தெரிகின்றன. முன்னால் இருப்பவள் ஸஹ்ரா. அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"என்ட சூத்தைப் பல்லும் தெரியுமே உம்மும்மா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தெரியட்டும்" என்றாள்.

இதோடு அனுப்புகிறோம். அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.